ஓவியம் பார்க்கப் பழக்கும் அட்டைத் தொகுப்பு: எதை வைத்துக்கொள்ளலாம், எதை ஒதுக்கலாம்

ஓவியத்தின் அடிப்படைக் கூறுகளை அடையாளம் காணப் பழக்குவதாகச் சொல்லி விற்கும் தொகுப்புகளுக்குள் பெரும்பாலும் ஒரே சரக்குதான். புகழ்பெற்ற ஓவியங்கள் அச்சிட்ட அஞ்சலட்டைகள், நடுவில் சதுரம் வெட்டிய கறுப்பு அட்டை, கறுப்பிலிருந்து வெள்ளைவரை 10 படிகள் கொண்ட சாம்பல் அளவுகோல், வண்ணச் சக்கரம், ஒரு சிவப்புக் கண்ணாடித் தாள். இவற்றில் காசுக்குப் பெறுமானம் அளவுகோலும் கறுப்பு அட்டையும்தான்.

சிவப்புத் தாள் நிறத்தை நீக்கி டோனை (ஓர் இடம் எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு இருட்டு என்பதை) மட்டும் காட்டும் என்கிறார்கள். காட்டாது. அது சிவப்பொளியை விட்டு நீலத்தையும் பச்சையையும் தடுக்கிறது. ஆகவே ஆரஞ்சு வெளிறித் தெரியும், நீலம் கறுக்கும். மோனே 1872-இல் தீட்டிய 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' இதற்கு நல்ல சோதனை. அதன் ஆரஞ்சுச் சூரியனும் சுற்றியுள்ள சாம்பல்நீல வானமும் டோனில் ஏறத்தாழ ஒன்று. சரியான கறுப்பு வெள்ளை நகலில் சூரியன் கிட்டத்தட்ட மறைந்துவிடும். சிவப்புத் தாள் வழியே பார்த்தாலோ பளிச்சென்று எழுந்து நிற்கும். அந்தப் படத்தில் கற்க வேண்டியதற்கு நேர் எதிரான பாடம்!

கைப்பேசியில் படமெடுத்து நிறச் செறிவைப் பூஜ்யமாக்குவது மேல். ஆனால் சில செயலிகள் எல்லா நிறத்தையும் ஒரே தட்டில் நிறுத்திவிடும். முதலில் பளிச்சென்ற மஞ்சளையும் அடர்நீலத்தையும் அருகருகே வைத்துப் படமெடுத்துப் பாருங்கள். மஞ்சள் நன்றாக வெளுத்துத் தெரியாவிட்டால் அந்தச் செயலி உதவாது.

சாம்பல் அளவுகோல் வாங்கும்போது ஒவ்வொரு படியிலும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். படத்தில் மிக இருண்ட இடம், மிக வெளுத்த இடம் இரண்டையும் முதலில் முடிவுசெய்துவிட்டு, இடையிலுள்ளவற்றின் மேல் துளையை வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். துளையின் விளிம்பு எந்தப் படியில் கரைகிறதோ அதுவே அந்த இடத்தின் டோன். பலருக்குத் தப்பாக வருவதற்குக் காரணம் அஞ்சலட்டையின் வெள்ளை ஓரம்: வெள்ளைக்கு அருகில் எதுவும் உள்ளதைவிட இருட்டாகத் தெரியும். கறுப்பு அட்டையால் ஓரத்தை மறைத்துவிடுங்கள். அருங்காட்சியகத்தில் கையை நீட்டி அளவுகோலைப் பிடிக்கும்போது அதன்மேல் விழும் ஒளியும் படத்தின்மேல் விழும் ஒளியும் வேறு. அங்கே படியின் எண்ணை நம்பாமல், எது எதைவிட இருண்டது என்ற வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அஞ்சலட்டைகள் கோட்டுக்கும் வெளிக்கும் (படத்துக்குள் தெரியும் இடத்துக்கும் ஆழத்துக்கும்) நன்றாகவே உதவுகின்றன. வான் கோவின் 'நட்சத்திர இரவு' (1889) வைத்துக் கோடு சொல்லித்தருவது எளிது. தூரிகைத் தடமே கோடு. அதோடு நிறுத்தினால், வரையப்பட்டதே கோடு என்று கண் பழகிவிடும். கரவாஜ்ஜோவின் 'புனித மத்தேயுவின் அழைப்பு' அட்டையும் இருந்தால் தொகுப்பு தேறும். கிறிஸ்துவின் நீட்டிய கை, அந்தப் பக்கத்திலிருந்தே சாய்ந்து விழும் ஒளி, திரும்பிய முகங்கள் மூன்றும் சேர்ந்து, வரையப்படாத கோடொன்றை மேசைவரை இழுக்கின்றன.

மேற்பரப்பின் தன்மையைக் காட்டுவதில்தான் அட்டைகள் முற்றிலும் தோற்கின்றன. சிறு புள்ளிகளாலும் தீற்றல்களாலும் ஆன சூராவின் 'கிராண்ட் ஜாட் தீவில் ஒரு ஞாயிறு' ஏறத்தாழ 3 மீட்டர் அகலம். 15 செ.மீ. அட்டையில் அது 20 மடங்கு சுருங்குகிறது; 4 மி.மீ. தீற்றல் 0.2 மி.மீ. ஆகிவிடும். வழக்கமான அச்சின் மைப்புள்ளிகளும் ஏறக்குறைய அந்த அளவுதான். உருப்பெருக்கியால் பார்த்து "சூராவின் புள்ளிகள்" என்று மகிழ்பவர் அச்சகத்தின் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருப்பார். ஹொக்குசாயின் 'பேரலை' இதற்கு மாறானது. அசலே சுமார் 26 × 38 செ.மீ. அச்சுப்படம், இழப்பு குறைவு.

இன்னொரு குழப்பம், தீட்டிக் காட்டிய மேற்பரப்புக்கும் வண்ணத்தின் சொந்த மேற்பரப்புக்கும் இடையே: வான் எய்க்கின் 'அர்னோல்ஃபினி' (1434) ஓவியத்தில் ஆடையின் மென்மயிர் மயிராகவே தெரிகிறது, தீட்டிய பலகையோ வழவழப்பு. ரெம்பிராண்டின் 'யூத மணப்பெண்'ணில் சட்டைக் கையின் வண்ணம் நிஜமாகவே மேடிட்டிருக்கும். அட்டையில் இரண்டும் ஒரே தட்டை. இவ்விரண்டுக்கும் பக்கவாட்டு ஒளியில் எடுத்த நெருக்கப் படங்களைத் தேடிக்கொள்வதே வழி.

வண்ணச் சக்கரம் எது எதற்கு எதிர்நிறம் என்று சொல்லும். ஒரு நிறம் எவ்வளவு மங்கியது என்பதைச் சொல்லாது. பளபளப்புப் பூச்சுள்ள அட்டைகளைத் தவிர்த்துவிடுங்கள். விளக்கின் பிரதிபலிப்பு முதலில் விழுங்குவது இருண்ட டோன்களைத்தான். கரவாஜ்ஜோவில் பாதிப் படம் அங்கேதான் இருக்கிறது.