பால் பைதானுக்கு எந்த வீடு: கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, மரமா?

'பால்' என்றதும் நம்மவர்களுக்குப் புற்றுக்கு ஊற்றுகிற பால்தான் நினைவுக்கு வரும். அதில்லை. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருளும் பாம்பு, அதனால் அந்தப் பெயர். பிரிட்டனில் ராயல் பைதான் என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, தோகோ, பெனின் பக்கத்து ஊர்க்காரர். ஐந்து அடியைத் தாண்டுவது அரிது, ஆனால் 20, 30 வருடம் உங்களோடு இருக்கும். ஆகவே வீட்டைக் கொஞ்சம் யோசித்து வாங்குவது நல்லது. நான் யோசிக்காமல் வாங்கினேன்.

லண்டன் கடையில் இருந்ததிலேயே அழகானது கண்ணாடித் தொட்டிதான். நாலு பக்கமும் தெரியும், மேலே கம்பிவலை மூடி. அக்டோபர் வரை சரியாகவே போனது. வீட்டில் ரேடியேட்டர் ஓட ஆரம்பித்ததும் தொட்டியின் ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. இந்தப் பாம்புக்கு 55 முதல் 70 வரை வேண்டும். சட்டை ஒரே உறையாகக் கழன்று வராமல், வெயிலில் உரிந்த பெயின்ட் மாதிரித் துண்டு துண்டாக வந்தது. ஒரு கண்மேல் பழைய தோல் ஒட்டியபடியே நின்றது. அதைக் கையால் பிய்க்கக் கூடாது, கண்ணே கெட்டுவிடும். நனைத்த பாசியை ஒரு டப்பாவில் நிரப்பி உள்ளே வைத்தேன், அடுத்த சட்டையோடு அதுவும் போனது. போகாவிட்டால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இன்னொரு தொல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆள் நடமாட்டம். ஆறு வாரம் சாப்பிடவே இல்லை. கடைசியில் மூன்று பக்கமும் கறுப்பு அட்டை ஒட்டி, மூடியில் முக்கால்வாசியை ஃபாயிலால் மறைத்தேன். சாப்பிட்டது. ஆனால் அத்தனையும் செய்தபின் கையில் இருந்தது கண்ணாடித் தொட்டி இல்லை, கூடுதல் விலை கொடுத்து வாங்கிய மரப்பெட்டி.

பிளாஸ்டிக் பெட்டி இதற்கு நேர் எதிர். மலிவு, இருட்டு, ஈரம் தானாகவே நிற்கும். இனப்பெருக்கம் செய்பவர்கள் அலமாரி இழுப்பறை மாதிரி அடுக்கி வளர்ப்பது இதில்தான். "காட்டிலும் எலி வளையிலும் கறையான் புற்றிலும்தானே கிடக்கிறது" என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை. நைஜீரியாவில் நடந்த கள ஆய்வில் சின்ன ஆண் பாம்புகள் மரமேறிப் பறவைகளையும் தின்பது தெரிந்தது. பகலில் ஒளிந்திருப்பதும் இரவு முழுக்க அடைந்து கிடப்பதும் ஒன்றில்லையே. சுருண்டு படுக்க மட்டும் இடமிருந்தால் போதாது, உடம்பை முழு நீளத்துக்கு நீட்டவும் இடம் வேண்டும். குட்டிக்கு முதல் சில மாதம் இது நல்ல இடம், நானே பரிந்துரைப்பேன். வளர்ந்த பாம்புக்கு மாட்டேன்.

என் ஓட்டு மரப்பெட்டிக்கு. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், முன்னால் மட்டும் நகர்த்தும் கண்ணாடி. மூன்று பக்கம் மூடியிருப்பதால் பாம்புக்கு நிம்மதி, சூடும் வெளியே போகாது, ஒரு கிளையும் வைக்கலாம். குறை தண்ணீர்தான். தேங்காய் நார்த்தூளை ஈரமாகப் போட்டால் மூலைகள் ஊறிப் பலகை உப்பிவிடும். புதுப்பெட்டியின் எல்லா மூட்டிலும் மீன்தொட்டிக்குப் பூசும் சிலிக்கோனைப் பூசி, வினிகர் வாடை முழுக்கப் போகும்வரை காயவிடுங்கள். கண்ணாடிக்குப் பூட்டும் போடுங்கள். நம்முடையவர் மூக்காலேயே தள்ளித் திறந்துகொண்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் இரண்டு நாள் குடியிருந்தார். பிவிசி பெட்டி உப்பாது, விலை கூடுதல். காசிருந்தால் அதையே வாங்கலாம்.

சூட்டுக்கு அடியில் விரிக்கும் ஹீட் மேட்டா, மேலே பல்பா? மேட் வயிற்றுக்குச் சூடு தரும், பெட்டிக்குள் இருக்கும் காற்றை அவ்வளவாகச் சூடாக்காது. லண்டன் குளிருக்கு மேலிருந்து வரும் சூடுதான் எடுபடுகிறது. சூடான மூலை 31 முதல் 33 டிகிரி, மறுமுனை 25, 26, இரண்டு பக்கமும் ஒளிய ஒரு குகை. எதை வாங்கினாலும் சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் பிளக்கைச் சொருகாதீர்கள். வயிறு வெந்தாலும் அசையாமல் படுத்திருக்கும் பிராணி இது. பல்புக்குக் கம்பிக்கூண்டும் கட்டாயம், இல்லாவிட்டால் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

இரை விஷயத்தில் எனக்கு இரண்டு மனமில்லை: உறையவைத்த எலிதான். உயிரெலியைக் கூண்டுக்குள் விட்டால், பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறும். உறைந்த எலியை முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, கொடுக்கும் முன் ஜிப் பையோடு சுடுதண்ணீரில் வையுங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், வெடித்துவிடும். உதட்டோரக் குழிகளால் வெப்பத்தை உணர்ந்துதான் இது பாயும், ஆகவே எலியின் தலை உயிருள்ளதன் சூட்டில் இருக்க வேண்டும். பாம்பின் உடம்பில் தடித்த இடம் எவ்வளவோ எலியும் அவ்வளவு. குட்டிக்கு வாரம் ஒன்று, வளர்ந்தபின் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று. தின்றபின் இரண்டு நாள் தூக்கக் கூடாது. வளர்ந்த ஆண் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், எடை இறங்காதவரை பயமில்லை. குட்டி அப்படிக் கிடந்தால் முதலில் சூட்டையும் ஈரத்தையும் பாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மா, நான் கெட்டில் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, "என்ன மோனை, தேத்தண்ணியோ?" என்றார்.

"இல்லையம்மா, இவருக்குச் சாப்பாடு."

கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து ஃபிரீசரில் கீழ் இழுப்பறை எனக்கு, மேலே இரண்டும் அவருக்கு.