ஆங்கில இலக்கணம்: விதி முதலிலா, பேச்சு முதலிலா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். சேர வருகிறவர்கள் ஃபீஸுக்கு அடுத்தபடியாகக் கேட்பது இதுதான்: "சார், கிராமர்லேருந்து ஆரம்பிப்பீங்களா, நேரா பேச வைப்பீங்களா?" பள்ளியில் பன்னிரண்டு வருடம் டென்ஸ் படித்தும் வாய் திறக்க வராதவருக்கு இலக்கணம் என்றாலே கசக்கிறது. கடையிலும் வேலையிலும் பேசிப் பேசியே பழகியவரோ, கிராமர் தெரியாததுதான் தன் குறை என்று நினைக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. மொழி ஆசிரியர்களும் மொழியியலாளர்களும் நூறு வருடத்துக்கு மேலாக முட்டிக்கொண்டிருப்பதும் இதே இடத்தில்தான்.

விதியில் தொடங்கும் வழி நமக்கெல்லாம் அத்துப்படி. ஐரோப்பாவில் லத்தீனும் கிரேக்கமும் கற்பிக்கப் பிறந்த முறை அது. விதியைச் சொல், விதிவிலக்கைச் சொல், பத்து வாக்கியம் கொடு, தாய்மொழியில் பெயர்க்கச் சொல். யாரோடும் பேசத் தேவையில்லாத மொழிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. நம் வீட்டு அலமாரிகளில் அண்ணன், அக்கா கைமாறி வந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் அந்த மரபின் பிள்ளை.

இந்த முறையைத் திட்டுவது இப்போது ஃபேஷன். ஆனால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், தானே சரளமாகப் பேசாத ஆசிரியரும் கௌரவமாக நடத்தக்கூடிய பாடம் இது ஒன்றுதான். பரீட்சைக்கும் பொருந்துகிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இ வழிக்கு வந்துவிட்டன. பத்தாம் வகுப்பு 80 மதிப்பெண் தாளில் இலக்கணத்துக்கு மட்டும் 10. இந்தப் பக்கம் தமிழக பாடத்திட்டத்திலும் ஆக்டிவ், பாஸிவ், ரிப்போர்ட்டட் ஸ்பீச் எதுவும் எங்கும் போய்விடவில்லை. தேர்வு இருக்கும்வரை இந்த வழியும் இருக்கும்.

அதன் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. 'ஹி', 'ஷி' வந்தால் வினைச்சொல்லுக்குப் பின்னால் 'எஸ்' போட வேண்டும் என்று தொடக்கப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். கேட்டால் குழந்தை விதியை ஒப்பிக்கும். அதே குழந்தை இன்ஜினியரிங் முடித்து சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் 'மை மேனேஜர் கம் லேட்' என்றுதான் சொல்கிறது. சோம்பேறித்தனம் இல்லை. டியூலே, பர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1974-இல் அமெரிக்காவில் ஆங்கிலம் கற்ற ஸ்பானிஷ், சீனக் குழந்தைகளின் பேச்சைப் பார்த்தார்கள். தாய்மொழி எதுவானாலும் சில இலக்கணக் கூறுகள் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் நாக்கில் படிந்தன. சொல்லிக் கொடுக்க மிக எளிதான அந்த 'எஸ்' தாமதமாக வருகிறவற்றில் ஒன்று. பாடப் புத்தகத்தின் வரிசை ஒன்று, மூளையின் வரிசை வேறு.

அடுத்து வந்தது அமைப்பு முறை. 1950-களில் மெட்ராஸ் மாநிலத்துப் பள்ளிகளுக்குள் வந்த முறை இது. விதியைச் சொல்லாதே, வாக்கிய அமைப்பை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்து, திரும்பத் திரும்பச் சொல்ல வை. 'திஸ் இஸ் எ புக், தட் இஸ் எ பென்' என்று வகுப்பே கோரஸ் பாடியதெல்லாம் இதன் கைங்கரியம். மொழி என்பது பழக்கம் என்ற நம்பிக்கைதான் இதற்கு அஸ்திவாரம். அந்த அஸ்திவாரத்தை 1959-இல், மொழியைப் பழக்கமாகவே பார்த்த உளவியலாளர் ஸ்கின்னரின் நூலுக்கு எழுதிய மதிப்புரையிலேயே மொழியியலாளர் சாம்ஸ்கி ஆட்டிவிட்டார். அதே சாம்ஸ்கி 1966-இல் மொழி ஆசிரியர்கள் மாநாட்டில், மொழியியல் கண்டுபிடிப்புகள் மொழி கற்பிக்க எவ்வளவு உதவும் என்பதில் தனக்கே சந்தேகம் உண்டு என்று சொன்னார். நியாயமான மனிதர்.

அமைப்பு முறை செத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கடலூரிலும் புதுச்சேரியிலும் 'முப்பது நாளில் ஸ்போக்கன் இங்கிலீஷ்' என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கும் இடங்களில் பெரும்பாலும் விற்பனையாவது இதுதான், புது அட்டை போட்டு. கேள்வி வாக்கியத்தில் 'டூ', 'டிட்' நாக்கில் பழக மட்டும் நானும் இதைத் தொடுவதுண்டு. 'ஒய் யூ கேம்?' என்பது 'ஒய் டிட் யூ கம்?' ஆக, விளக்கத்தைவிட வாய்ப் பழக்கம் சீக்கிரம் உதவுகிறது.

இனி பெங்களூருக் கதை. ஆங்கிலம் கற்பித்தலைப் பற்றி உலகில் எங்கே படித்தாலும் தென்னிந்தியாவின் பெயர் வருகிற இடம் இது. என். எஸ். பிரபு, மெட்ராஸில் பிரிட்டிஷ் கவுன்சிலில் வேலை பார்த்தவர். அமைப்பு முறையில் பயிற்சி பெற்ற பிள்ளைகள் வகுப்பில் சரியாகச் சொல்லிவிட்டு வெளியே தடுமாறுவதைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: கவனம் முழுக்க அர்த்தத்தில் இருந்தால், இலக்கணம் தானாகவே உள்ளே படியுமா? 1979 முதல் 1984 வரை பெங்களூர் உட்படத் தென்னிந்தியாவில் சில சாதாரணப் பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார். கான்வென்ட் பிள்ளைகளை வைத்து அல்ல. வகுப்பில் இலக்கணப் பாடமே கிடையாது. ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து ஒரு புதிரை விடுவிக்கச் சொல்வார்கள். முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒன்றைச் செய்து காட்டுவார், பிறகு அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனியாகச் செய்ய வேண்டும். விடை சரியா என்றுதான் மதிப்பெண், வாக்கியம் சரியா என்று இல்லை. குழுவாகப் பேச விடுவதையும் பிரபு விரும்பவில்லை, பிள்ளைகள் ஒருவரின் அரைகுறை ஆங்கிலத்தை இன்னொருவர் பிடித்துக்கொள்வார்கள் என்பதால். இன்று 'ஆக்டிவிட்டி' என்றாலே நாலு பேரை வட்டமாக உட்கார வைக்கும் நமக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

நான் செய்யும் ஒரு பாடம் இதன் வழியில் வந்ததுதான். நெய்வேலியிலிருந்து ஒருவர் காலை பத்து மணிக்குப் புதுச்சேரியில் இன்டர்வியூவுக்குப் போக வேண்டும். கடலூரில் பஸ் மாற வேண்டும். போர்டில் மூன்று பஸ்களின் நேரம். புதுச்சேரி ஸ்டாண்டிலிருந்து அந்த ஆபீஸுக்கு இருபது நிமிடம். எந்தப் பஸ், ஏன்? பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "செகண்ட் பஸ் நோ, சார். ஹி ரீச் டென் ட்வென்டி. இன்டர்வியூ ஓவர்." வகுப்பு சிரிக்கும், இன்னொருவர் மறுப்பார், மூன்றாம் ஆள் கணக்குப் போட்டுக் காட்டுவார். 'ரீச்சஸ்' என்று நான் குறுக்கே விழுந்தால் அந்தப் பேச்சு அங்கேயே செத்துவிடும். வாயே திறக்காத ஆளைப் பேச வைக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

பலன்? பெரெட்டா, டேவிஸ் இருவரும் 1985-இல் வெளியிட்ட மதிப்பீடு பிரபுவுக்குப் பொதுவாகச் சாதகமாகவே வந்தது. அமைப்பு முறைப் பிள்ளைகள் அமைப்புத் தேர்விலும், பிரபுவின் பிள்ளைகள் புதிர்த் தேர்விலும் நன்றாகச் செய்தார்கள் என்பது எதிர்பார்த்ததுதான். எந்தப் பக்கமும் சாயாத சோதனைகளிலும் பிரபுவின் பிள்ளைகள் பொதுவாகச் சோடை போகவில்லை என்பதுதான் சேதி. 'தற்காலிகமான ஆதரவு' என்ற அளவில் ஆய்வாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

அப்படியானால் இலக்கணத்தை மூட்டை கட்டிவிடலாமா? அமெரிக்க மொழியியலாளர் கிராஷன் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்: புரிகிற ஆங்கிலம் காதில் நிறைய விழுந்தால் போதும், படித்த விதி கடைசியில் சரிபார்க்க மட்டுமே உதவும் என்று. இதற்குப் பதில் புதுச்சேரி வெள்ளைக்காரத் தெருக்களில் நடந்தாலே கிடைக்கும். சுற்றுலாப் பயணிகளோடு பல வருடம் பழகிய ஆட்டோக்காரர், கடைக்காரர், கைடு. தயக்கமே இல்லாத ஆங்கிலம், சிலருக்குப் பிரெஞ்சும் கூட. ஆனால் 'யெஸ்டர்டே யூ கம், டுடே அல்சோ கம், வெரி குட்' என்ற அளவில் அது எப்போதோ உறைந்துவிட்டது. வியாபாரத்துக்கு அது போதும், குறை சொல்ல எதுவும் இல்லை. அதே ஆள் ஓட்டல் மேனேஜர் வேலைக்கு ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும் என்றால்தான் வினை. கனடாவில் பிரெஞ்சு வழியில் பல வருடம் படித்த ஆங்கிலக் குழந்தைகளிடமும் இதே சங்கதியை மெரில் ஸ்வெய்ன் 1985-இல் சுட்டிக்காட்டினார்: கேட்டால் பிரமாதமாகப் புரிகிறது, பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழை போகவில்லை. காதில் விழுந்தால் மட்டும் போதாது.

இங்கேதான் நான்காவது வழி. 1991-இல் மைக்கேல் லாங் இதற்கு ஒரு பெயர் வைத்தார், தமிழில் 'வடிவத்தில் ஒரு கண்' என்று வைத்துக்கொள்வோம். பாடம் அர்த்தத்தைப் பற்றியது. நடுவில் ஒரு இலக்கணக் கூறு காலை வாரும்போது மட்டும் நிறுத்தி, அதைக் கவனிக்க வைத்துவிட்டு, மறுபடி வேலைக்குத் திரும்புவது. சொல்ல எளிது. எப்படி நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் வகுப்பில் வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் ஒரு நர்ஸம்மா, அடுத்த ஷிஃப்டுக்கு நோயாளியை ஒப்படைப்பது போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "தி பேஷண்ட் இஸ் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்." நான் இயல்பாகத் திருப்பிச் சொன்னேன்: "ஓ, ஷி ஹேஸ் ஹேட் ஃபீவர் ஃபார் டூ டேஸ்?" அவர் தலையாட்டினார்: "எஸ் சார், சின்ஸ் டூ டேஸ்."

ஆசிரியர்கள் அதிகம் செய்யும் திருத்தம் இதுதான், நாசூக்காகச் சரியாகத் திருப்பிச் சொல்வது. கனடா வகுப்புகளைக் கவனித்த லிஸ்டர், ராண்டா 1997-இல் எழுதியதும் இதேதான்: ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த வகை, மாணவர்கள் பிடித்துக்கொள்வது இதில்தான் குறைவு. அவர்களுக்கு அது திருத்தமாகக் காதில் விழுவதில்லை, ஆமோதிப்பாக விழுகிறது.

சரி என்று போர்டுக்குப் போய்த் தமிழில் எழுதினேன்: 'ரெண்டு நாளா காய்ச்சல்.' 'திங்கக்கிழமையிலேருந்து காய்ச்சல்.' முதலாவதில் எவ்வளவு காலம் என்று இருக்கிறது, அதற்கு 'ஃபார்'. இரண்டாவதில் எப்போது தொடங்கியது என்று இருக்கிறது, அதற்கு 'சின்ஸ்'. "அட, நம்மகிட்டயே இருக்கே சார்" என்றார். அந்த வித்தியாசத்தை அவர் பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார். ஆங்கிலத்தின் எந்தச் சொல் அதில் எதற்கு நேர் என்று யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான். 'ஹேஸ் ஹேட்' பிடிபட இன்னும் நாளாகும், அது வேறு.

'கான்ட்ராஸ்டிவ் அனாலிசிஸ்' என்று 1957-இல் ராபர்ட் லேடோ பெரிதாகத் தொடங்கிவைத்தது, தாய்மொழியையும் புதுமொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எல்லாப் பிழையையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று. அது நடக்கவில்லை. பிழைகளில் பல தாய்மொழியால் வருவதே இல்லை. ஆனாலும் நமக்கு அதில் மிச்சமிருக்கும் லாபம் பெரிது. 'தி' எங்கே போடுவது என்று தமிழ்ப் பிள்ளைகள் திண்டாடுவது தெரிந்த கதை. 'பேனா வாங்கினேன்', 'பேனாவை வாங்கினேன்' என்ற இரண்டையும் எழுதிப் பாருங்கள். இரண்டாவதில் எந்தப் பேனா என்று கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும். அந்த 'ஐ' வரும் இடத்தில் பெரும்பாலும் 'தி' போடலாம். எழுவாய்க்கு இது உதவாது, மனிதர்களுக்கும் பொருந்தாது, 'ஒரு பையனைப் பார்த்தேன்' என்று அங்கே 'ஐ' வந்தே தீரும். ஆனாலும் புத்தகத்தில் நீளும் ஆர்ட்டிகிள் விதிகளைவிட இந்த ஒரு வரி அதிக தூரம் கூட்டிப்போகிறது. 'நேற்று உங்க வீட்டுக்கு வந்திருந்தேன்' என்பதை 'ஐ ஹேட் கம்' என்று பெயர்க்கிற பழக்கத்துக்கும் இதே மருந்து: தமிழில் தனியாக நிற்கும் 'வந்திருந்தேன்' ஆங்கிலத்தில் நிற்காது, அதற்குப் பிறகு நடந்த இன்னொன்று பக்கத்தில் வேண்டும்.

இதனால்தான் 'வகுப்பில் தமிழ் பேசினால் ஃபைன்' என்று வைக்கும் இடங்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. கற்கிற மொழியிலேயே எல்லாம் நடக்க வேண்டும் என்ற நேரடி முறை, காசு கொடுத்துச் சேர்ந்த பெரியவர்களின் சிறு வகுப்பில், மொழி நன்றாகத் தெரிந்த ஆசிரியரிடம் அழகாக நடக்கும். அதை அப்படியே நாற்பது பேர் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு வந்தால், பிள்ளைகள் ஆங்கிலமும் பேசாமல் தமிழும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆய்வுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் விதிக்காரர்களுக்கும் ஆறுதல் உண்டு. நாரிஸ், ஒர்ட்டேகா 2000-இல் 49 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, வெளிப்படையாக விளக்கியவர்களின் மாணவர்கள் விளக்காதவர்களின் மாணவர்களைவிட முன்னால் நின்றார்கள். கூடவே ஒரு எச்சரிக்கையும் அவர்களே சொன்னார்கள்: சோதனைகளில் பெரும்பாலானவை விதி தெரிந்தவருக்குச் சாதகமான வகை. தாராளமாகப் பேச விட்டுச் சோதித்தவை குறைவு.

என் கணக்கு இது. மார்ச்சில் பொதுத்தேர்வு, கையில் மூன்று மாதம் என்றால் விதி வழியே போங்கள், வேறு எதற்கும் நேரமில்லை. விதி எல்லாம் தெரிந்தும் பேசத் தயங்குகிற சிப்காட் இன்ஜினியருக்கு ஆறு மாதம் புதிரும் வேலையும் மட்டும், இலக்கணப் புத்தகத்தைத் தொடவே கூடாது. சரளமாகப் பேசி உறைந்துபோன கடைக்காரருக்குத் தேவை நேர்மாறு: எழுத வைப்பது, ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு தமிழில் விளக்குவது. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்குக் கதையும் விளையாட்டும் போதும், டென்ஸ் டேபிளை ஏழாம் வகுப்புக்குத் தள்ளி வைக்கலாம். மற்ற எல்லோருக்கும் பிரபுவின் புதிரும் லாங்கின் நிறுத்தமும் கலந்தது. பிரபுவே 1990-இல் எழுதிய கட்டுரையில், சிறந்த முறை என்று ஒன்று கிடையாது, ஆசிரியர் தான் செய்வதை உள்ளுக்குள் நம்பிச் செய்கிறாரா என்பதுதான் முக்கியம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். அதை ஓரளவுதான் ஒப்புக்கொள்வேன், கோரஸ் பாட வைப்பதை மனதார நம்பிச் செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பிள்ளையை எங்கேயாவது சேர்க்கப் போகிறீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் எத்தனை நிமிடம் பேசுகிறார்கள், பிழை வந்தால் ஆசிரியர் என்ன செய்கிறார், புரியாதபோது தமிழில் கேட்க விடுகிறாரா என்று மூன்றை மட்டும் கவனியுங்கள். உட்கார விடமாட்டோம் என்றால் அடுத்த இடம் பாருங்கள்.