கோளாறு கியர் தலையில், பில் இன்ஜினுக்கு: பிரஷ் கட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களில் பலர், ஒரே இன்ஜினில் பல தலைகளை மாற்றி மாட்டும் பிரஷ் கட்டரை இப்போது வாங்கி வைத்திருக்கிறார்கள். வரப்புப் புல்லுக்கு வட்டக் கத்தி, முருங்கைக் கவாத்துக்கு நீளக் குழாயின் முனையில் சங்கிலி ரம்பம், கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றியுள்ள கிளுவை வேலிக்கு வேலி வெட்டும் தலை, களை கிளற ஒரு சிறிய வீடர் என்று, ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் அது பெரிய உதவி. அந்த மெஷினைப் பழுது பார்க்கிறேன் என்று சொல்லி ஒரு பட்டறையில் என்னிடம் 6,850 ரூபாய் வாங்கியதையும், வாங்கிய பணத்துக்கு என்ன செய்தார்கள் என்பதையும், வேறு யாரும் இதே முறையில் ஏமாறக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என்னுடையது டூ ஸ்ட்ரோக் மெஷின். விற்ற கடைக்காரர், "பெட்ரோலும் ஆயிலும் கலந்து ஊத்துனாப் போதுங்க, வேற எதுவும் பார்க்க வேண்டியதில்லைங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்; தமிழில் ஒரு வரி விளக்கத் தாளும் பெட்டியில் இல்லை. கிளுவை வேலி வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் இன்ஜின் சத்தம் ஏறியது, கத்தி மட்டும் தயங்கித் தயங்கி நின்றது. தலையிலுள்ள கியர் பெட்டி கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. கிளட்ச் தீயும் வாடையும் வந்தது. ஆனால் கயிற்றை இழுத்தால் மெஷின் உடனே ஸ்டார்ட் ஆனது, வட்டக் கத்தியை மாட்டினால் ஒரு குறையும் இல்லாமல் புல் வெட்டியது. பட்டறையில் இறக்கும்போது இதை முதலிலேயே சொன்னேன். அங்கிருந்தவர் தலையைக் கழற்றிக்கூடப் பார்க்காமல், கயிற்றை ஒரு முறை இழுத்துவிட்டு, "பிஸ்டன் ரிங் போயிருச்சுங்ணா, போரும் தேஞ்சிருச்சு. செட்டாவே மாத்தோணும்" என்று முடித்துவிட்டார்.

ரிங் தேய்ந்த இன்ஜினில் கயிறு இழுக்கும்போது கையில் எதிர்ப்புக் குறைவாகவே தெரியும்; சூடானபின் ஸ்டார்ட் ஆவதற்கும் அடம் பிடிக்கும். பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தால் கயிறு வரவே வராது. இவை இரண்டும் இல்லாமல், ஒரு தலையில் நன்றாகவும் இன்னொரு தலையில் மோசமாகவும் மெஷின் ஓடுகிறது என்றால், பழுது இணைப்புக்குக் கீழே அந்தத் தலையில்தான் இருக்க வேண்டும். பல தலை மெஷின் வைத்திருப்பவருக்கு உள்ள பெரிய வசதியே, எந்தப் பக்கம் கோளாறு என்பதை இன்னொரு தலையை மாட்டி அங்கேயே தெரிந்துகொள்ளலாம் என்பது. அந்தச் சோதனையைச் செய்யாமல் இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்பவருக்கு வேலை தெரியாது, அல்லது உங்களிடம் பணம் பிடுங்கப் பார்க்கிறார்.

மெஷின் திரும்பி வந்தபோது கையெழுத்தில் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள்: சிலிண்டர் பிஸ்டன் செட் 2,400, கார்புரேட்டர் 1,450, கிளட்ச் 900, கியர் கிரீஸ் சர்வீஸ் 300, கூலி 1,800. பழைய சாமான்களைக் கேட்டதற்கு, இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். வீட்டுக்கு வந்து வேலி வெட்டும் தலையை மாட்டினால், முன்பு இருந்த அதே சூடு, அதே தயக்கம்.

கோவையில் மோட்டார் பம்ப் பட்டறையில் வேலை பார்க்கும் என் மாமன் மகன் அன்று மாலையே வந்து பார்த்தான். முதலில் அவன் காட்டியது சிலிண்டரின் அடி போல்ட்டுகளை. கம்பெனியில் முறுக்கியபின் போல்ட்டின் மேலிருந்து சிலிண்டர் உடம்பு வரை இழுத்துவிட்ட மஞ்சள் பெயிண்ட் கோடு முறியாமல் அப்படியே இருந்தது. அதன் மேல் ஆயிலும் புழுதியும் சேர்ந்து காய்ந்த பொருக்குக்கூட உதிரவில்லை. "மச்சான், இதுல ஸ்பேனரே படலைங்க" என்றான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்தால், புதியதென்று பில் போட்ட பிஸ்டனின் தலையில் தடித்த கரி. கியர் தலையைத் திறந்தோம். கிரீஸ் ஏற்றும் துளையின் திருகிலும் பெயிண்ட் கோடு உடையாமல்தான் இருந்தது. உள்ளே கிரீஸ் என்று சொல்லத் தக்கதே இல்லை. பற்களின் ஓரத்தில் தார் போலக் கறுத்துக் காய்ந்த ஏடும், அதற்குள் மின்னும் இரும்புத் தூளும் மட்டுமே இருந்தன. ஒரு பல்சக்கரமும் கொஞ்சம் கிரீஸும் மாற்றியதோடு அந்தத் தலை சரியாகிவிட்டது.

சீட்டில் எழுதியவற்றில் உண்மையாகவே மாறியிருந்தது கார்புரேட்டர் ஒன்றுதான், அதுவும் கெடுதலாக. கம்பெனி கார்புரேட்டரை எடுத்துக்கொண்டு பெயரில்லாத ஒன்றை மாட்டி, ஸ்லோ ஓட்டத்தை ஏற்றி வைத்திருந்தார்கள். அதனால் ஆக்சிலேட்டரை விட்டபிறகும் கிளட்ச் பிடித்துக்கொண்டு கத்தி சுற்றியது. பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் தந்தது இதுதான். ஆக்சிலேட்டரை விட்டதும் கத்தி நின்றே ஆக வேண்டும். நிற்காத மெஷினை வேலையாள் ஒருவர் கையில் கொடுத்திருந்தால் கால் போயிருக்கும். சர்வீஸிலிருந்து வரும் எந்த மெஷினையும் பட்டறை வாசலிலேயே ஸ்டார்ட் செய்து, இதை மட்டுமாவது பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கிரீஸ் விஷயத்தை விற்பவரும் சொல்வதில்லை, பட்டறையிலும் சொல்வதில்லை என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன். வட்டக் கத்தித் தலையின் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும். அதைக் கழற்றி, ஏறக்குறைய 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை லித்தியம் கிரீஸ் ஏற்ற வேண்டும். முழுவதும் அடைத்துவிடக் கூடாது. முக்கால் பங்கோடு நிறுத்தாவிட்டால் சூட்டில் கிரீஸ் விரிந்து சீல் வளையத்தைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும். வேலி வெட்டும் தலைக்குக் கியர் பெட்டியில் கிரீஸும், வேலைக்கு முன்னும் பின்னும் கத்திகளின் மேல் மெல்லிய ஆயிலும் வேண்டும். சங்கிலி ரம்பத்துக்குத் தனி ஆயில் டப்பா உண்டு. அது காலியாக ஓடினால் சங்கிலியும் அது ஓடும் தகடும் சேர்ந்து தேயும். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை அதில் ஊற்றாதீர்கள், அதிலுள்ள இரும்புத் துகளும் கரியும் ரம்பத்தை அரித்துவிடும். தலையை மாற்றும்போது உள் ஷாஃப்ட்டின் பல் முனையைத் துடைத்து லேசாகக் கிரீஸ் தடவி, பூட்டும் முள் (லாக் பின்) துளைக்குள் முழுவதும் விழுந்ததைப் பார்த்தபிறகே குமிழை முறுக்க வேண்டும். பாதியில் நின்றால் பற்கள் நுனியில் மட்டும் கவ்வி மழுங்கிப் போகும். கிளட்ச் டிரம்மின் உள்ளே மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கிரீஸ் போகக் கூடாது.

அந்தப் பட்டறைக்காரர் இனிமேல் லிட்டருக்கு 100 மில்லி ஆயில் கலக்கச் சொல்லி அனுப்பினார். அதையும் நம்பாதீர்கள். 25க்கு 1 (25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) என்று போட்டிருக்கும் மெஷினுக்கு லிட்டருக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. அதிகமாக ஊற்றினால் சைலன்சர் கரியால் அடைத்து, நல்ல இன்ஜினும் பலம் குறைந்து ஓடும். அதைக் காட்டி அடுத்த பில் போட வசதியாகிவிடும். பெட்ரோல் பங்குகளில் இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும். வேலை இல்லாத மாதங்களில் டேங்கை வடித்து, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதும் தீரும்வரை ஓட்டி நிறுத்திவிட வேண்டும்.

மாமன் மகன் காட்டியவற்றைப் படம் எடுத்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பப் போனபோது, வேலை பார்த்த பையன் நின்றுவிட்டான் என்றார்கள். கார்புரேட்டரையும் தரவில்லை, பணத்தையும் தரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு 2 ஆண்டுகளுக்குள் அங்கே முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. அந்தக் கையெழுத்துச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களுக்கும் வெற்றுச் சீட்டுத்தான் கொடுக்கிறார்கள் என்றால் தேதி, கடை முத்திரை, மாற்றிய சாமான்களின் பெயர் ஆகிய மூன்றும் அதில் இருக்கும்படி எழுதி வாங்குங்கள். மெஷினை இறக்கும் முன் சிலிண்டர் போல்ட்டுகள், கியர் தலைத் திருகு, கார்புரேட்டரில் அச்சிட்ட பெயர், இன்ஜின் எண் ஆகியவற்றைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, பழைய சாமான் கைக்கு வந்தால்தான் பணம் என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.