திற்பரப்பு, காளிகேசம், உலக்கை அருவி: குடும்பத்தோடு மூன்று நாள்கள்

டிசம்பர் விடுமுறைக்கு மெல்போர்னிலிருந்து நாகர்கோவில் வந்திருந்த நாங்கள், உறவினர் வீடுகளுக்கு நடுவே மூன்று நாள்களை அருவிகளுக்கென்று ஒதுக்கினோம். எழுபது வயதைக் கடந்த அம்மா, பத்து வயது மகன், ஏழு வயது மகள், மலையேறிப் பழக்கமே இல்லாத நானும் மனைவியும் என்று ஐந்து பேர்.

முதல் நாள் சென்ற திற்பரப்பில் நடை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கோதையாறு ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே வாகனம் போய்விடுகிறது. சிவராத்திரியை ஒட்டிப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடிச்சென்று வழிபடும் சிவாலய ஓட்டத்தின் மூன்றாம் கோயிலான அங்குள்ள மகாதேவரை அம்மா கும்பிட்டு வருவதற்குள் பிள்ளைகள் குளித்து முடித்திருந்தார்கள்.

காளிகேசம்தான் எங்களுக்குப் பாடம் நடத்தியது. வெளிநாட்டிலிருந்தே இணையத்தில் முன்பதிவு செய்த வாடகைக் கார் (பெயர் வேண்டாம்) ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தது. ஓட்டுநருக்குத் தடிக்காரன்கோணத்துக்கு அப்பால் வழியும் தெரியவில்லை. கீரிப்பாறை ரப்பர் தோட்டங்களைக் கடந்து வனத்துறைச் சோதனைச் சாவடியை அடைந்தபோது, மேலே மலையில் மழை பெய்வதால் யாரையும் உள்ளே விடுவதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்ததால் எனக்குக் கோபம் வந்தது உண்மை. அரை மணி நேரத்தில், அதுவரை அடிமணல் தெரிய ஓடிய ஆற்றில் சருகும் சுள்ளியுமாகச் செந்நிற வெள்ளம் இறங்கியதைப் பார்த்த பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பும் வழியில், சாய்வாகக் கீறிய ரப்பர் மரப்பட்டையிலிருந்து சிரட்டைக்குள் பால் சொட்டுவதை மகள் உட்கார்ந்து பார்த்ததுதான் அன்றைய வரவு.

மூன்றாம் நாளுக்குச் சித்தப்பா, பூதப்பாண்டியிலிருந்து தமக்குத் தெரிந்த ஒருவரின் வேனை ஏற்பாடு செய்தார். அந்த ஓட்டுநர் முந்தைய இரவே விசாரித்து, உலக்கை அருவிக்கு அனுமதி இருக்கிறது என்பதை உறுதி செய்துகொண்டு, காலை ஆறரைக்கு வாசலில் நின்றார். உள்ளூர் ஆளின் ஒரு தொலைபேசி அழைப்பு எத்தனை மதிப்புள்ளது என்பதை அன்று கண்டுகொண்டேன்.

அழகியபாண்டியபுரம் பக்கத்து மலையடிவாரத்தில் தொடங்கும் பாதையில், பிள்ளைகளின் நடைக்கு ஏறுவதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. முதல் பாதி நிழலான ஒற்றையடிப் பாதை. அம்மா அதுவரை வந்து, மேலே வர மறுத்து, ஓட்டுநரின் துணையோடு ஒரு பாறையில் அமர்ந்துகொண்டார். பிற்பாதியில் பாறைகளைக் கைகளால் பற்றித்தான் ஏற வேண்டியிருந்தது. தூரம் யாரையும் களைப்பாக்கவில்லை, ஆனால் பாசி படிந்த ஈரப்பாறை பயமுறுத்தியது. பெரும் விலை கொடுத்து வாங்கி வந்த என் மலையேற்றக் காலணி அதில் இரண்டு முறை வழுக்கிவிட்டது; எதிரே விறகுச் சுமையோடு இறங்கிய ஒரு பாட்டி வெறுங்காலுடன் எங்களைக் கடந்துபோனார். உலக்கை போல் நேராக விழும் அந்தத் தண்ணீரின் கீழ் நின்ற பத்து நிமிடங்களுக்கு இவை எல்லாம் தகும்.

இறங்கி வந்தபோது மகனின் கணுக்காலில் அட்டை ஒன்று இரத்தம் குடித்துப் பருத்திருந்தது. அவன் அலறிக்கொண்டிருக்க, அம்மா நெல்லிக்காய்க்குத் தொட்டுக்கொள்ளக் கொண்டுவந்திருந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து அதன்மேல் வைத்தார். அது சுருண்டு விழுந்தது.

குறையொன்று சொல்லியாக வேண்டும். இந்த மூன்று இடங்களில் ஒன்றில், பெண்கள் உடை மாற்றும் அறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டபோது ஒருவர் மற்றவரைக் கைகாட்டினார். என் மனைவியும் மகளும் வேட்டியைத் திரையாகப் பிடித்துத்தான் உடை மாற்றினார்கள். வடசேரியிலிருந்து கீரிப்பாறைக்குப் பேருந்து உண்டு என்றாலும், ஈரத் துணியும் சிறுபிள்ளைகளும் இருந்தால் வேனே மேல். அந்த வேட்டியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.