நாலு சக்கரப் பெட்டியும் மேலுமலை இறக்கமும்

போன வாரம் அண்ணன் மகள் போன் செய்தாள். அக்டோபரில் மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிறாள். "சித்தப்பா, நீங்க வச்சிருக்கீங்களே அந்த லேசான பெட்டி, அது எப்படி? அதையே வாங்கிடலாமா?" என்றாள். "நல்லா இருக்கும்மா, வாங்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அதே பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். இரண்டு சக்கரங்களின் ரப்பர் கையோடு வந்துவிட்டது. உடைந்தது என்றும் சொல்ல முடியாது, தேய்ந்தது என்றும் சொல்ல முடியாது. மழைக்காலத்து வெல்லம் மாதிரி பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டது. நேற்று 300 ரூபாய் கொடுத்து இரண்டையும் மாற்றி வந்தேன். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. அவளிடம் சொன்னதைத் திருத்த வேண்டியிருப்பதால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் பழைய பெட்டி. 1996இல் எங்கள் கல்யாணச் சீரோடு வந்தது. கெட்டிப் பிளாஸ்டிக், சுற்றிலும் அலுமினியச் சட்டம், இரண்டு பக்கமும் 'டக் டக்' என்று திறக்கிற பூட்டு. எங்கள் ஊர்ப் பக்கம் யார் செய்த பெட்டியானாலும் அதற்கு வி.ஐ.பி. பெட்டி என்றுதான் பெயர். அடியில் பொடிப் பொடியாக நாலு சக்கரம், இழுக்க ஒரு வார். 1972இல் பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் சக்கரம் வைத்த பெட்டிக்குக் காப்புரிமை வாங்கியபோது அதுவும் இப்படி வார் போட்டு இழுக்கிற ரகம்தான். இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பத்தடி ஒழுங்காக வரும், பதினோராவது அடியில் குப்புறப் படுத்துக்கொள்ளும். கடைசியில் தூக்கிக்கொண்டுதான் நடப்போம்.

அதன் எடையைப் பற்றி இருபது வருஷம் நாங்கள் யோசித்ததே இல்லை. பையன் டெல்லியில் வேலைக்குப் போன பிறகுதான் விமானம், கிலோக் கணக்கு எல்லாம் வீட்டுக்குள் வந்தது. உள்நாட்டு விமானத்தில் 15 கிலோ. ஒருமுறை கவுண்டரில் இரண்டு கிலோ கூடுதல் என்று சொல்லிப் பணம் கட்டச் சொன்னார்கள். அந்தப் பணத்தில் ஆறு கிலோ புளி வாங்கியிருக்கலாம். ஊருக்கு வந்ததும் தொங்கவிடுகிற டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வெறும் பெட்டியை மாட்டினேன். 6 கிலோ 400 கிராம். அதாவது 15 கிலோவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பெட்டியே தின்றுவிடுகிறது. நாங்கள் டெல்லிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது பெரும்பாலும் அலுமினியம்.

புதுசு 2022 ஜனவரியில் வந்தது. 75 செ.மீ. உயரம், பாலிப்ரொப்பிலீன் ஓடு, ஜிப், நாலு பக்கமும் சுழல்கிற சக்கரம், இரண்டு கட்டமாக நீளும் கைப்பிடி. 3 கிலோ 600 கிராம். 4,200 ரூபாய் கொடுத்தேன். அட்டையில் போட்டிருந்த விலை அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பெட்டிக் கம்பெனிகள் போடுகிற அந்த அட்டை விலையை யாராவது ஒருத்தர் முழுசாகக் கொடுத்திருந்தால் அவரை நேரில் பார்க்க ஆசை. இப்போது அதே பெட்டி ஆஃபரில் 3,100. சரி, அந்த வயிற்றெரிச்சலை விடுவோம்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓடு விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. லேசாக இருக்கிறதே, தாங்குமா என்றுதான் பயந்தோம். ஒருமுறை பஸ்ஸின் பின்பக்கம் வைத்திருந்தபோது யாரோ அதன் மேல் கீரை மூட்டையைப் போட்டுவிட்டார்கள். இறங்கும்போது பார்த்தால் நடுவில் ஒரு தட்டு அளவுக்குக் குழி. என் மனைவி முகம் வாடிப்போனது. வீட்டுக்கு வந்து ஜிப்பைத் திறந்து உள்ளிருந்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன். 'டொப்'பென்று பழையபடி ஆகிவிட்டது. பாலிப்ரொப்பிலீனும் பாலிகார்பனேட்டும் வளைந்து கொடுக்கிற சாதி. கடையில் மலிவாகக் கிடைக்கிற ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஓடு அப்படியில்லை; விறைப்பாக நிற்கும், பலமாக அடிபட்டால் மூலையில் விரிசல் விடும். ஆஃபரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். மூன்றும் பார்வைக்கு ஒரே பளபளப்பு.

இன்னொரு சோதனையும் வைத்தோம், கிருஷ்ணகிரிக்காரர்கள் மட்டுமே வைக்கக்கூடிய சோதனை. ஜூன் மாதம் பையனுக்கு எட்டு கிலோ செந்தூரா மாம்பழம். முக்கால் பழுப்பில் பறித்தது, ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றி, இடையிடையே பழைய துண்டு. முன்பு துணிப் பையில் அனுப்பியபோது கால்வாசி கூழாகிப் போனது. பெங்களூரா மாங்காயைக் கூழாக்க ஊரைச் சுற்றி எத்தனையோ தொழிற்சாலைகள் இருக்கும்போது, செந்தூராவை நாங்களே கூழாக்கி விமானத்தில் அனுப்பினோம். இந்தப் பெட்டியில் ஒரு பழம்கூட நசுங்கவில்லை. உள்துணியில் மட்டும் தீபாவளி வரைக்கும் மாம்பழ வாசனை. இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனசில்லை.

எடை குறைந்ததால் வசதி வந்ததா என்று கேட்டால், அது யாருக்கு என்பதைப் பொறுத்தது. மிச்சமான 2 கிலோ 800 கிராம் எனக்கு வந்து சேரவில்லை. முதல் பயணத்திலேயே என் மனைவி தராசைப் பார்த்துவிட்டு, "இன்னும் இடம் இருக்குதே" என்று ராகி மாவு ஒரு கிலோ, கொட்டை எடுத்த புளி ஒரு கிலோ, காவேரிப்பட்டணத்தில் வாங்கின நிப்பட்டு இரண்டு பாக்கெட் என்று அந்தப் பள்ளத்தைச் சரியாக நிரப்பிவிட்டாள். பழைய பெட்டியோடு தூக்கினதும் 15 கிலோ, புதுப் பெட்டியோடு தூக்குவதும் 15 கிலோ. லேசான பெட்டி வாங்கினால் முதுகு தப்பும் என்று நினைக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

இனி சக்கரம். என் ஆத்திரம் முழுக்க இதில்தான்.

நாலு சக்கரம் விமான நிலையத்துக்காகச் செய்தது. அங்கே தரை கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு விரலால் தள்ளினால் போகும். பெங்களூர் விமான நிலையத்துக்குள் இருக்கிற அரை மணி நேரத்தில் இந்தப் பெட்டிமேல் எனக்கு அவ்வளவு பாசம் வரும். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்கு முன்னால் நாங்கள் கடப்பது என்ன? எங்கள் மாவட்டத் தலைநகரில் ரயில் கிடையாது. 1905இல் திருப்பத்தூரிலிருந்து ஒரு குறுகிய பாதை போட்டார்கள், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே பழையபேட்டையிலிருந்து ஆட்டோ, பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து பெங்களூர் பஸ்ஸில் சுமார் 90 கிலோமீட்டர், சில்க் போர்டில் இறங்கி நடை, அப்புறம் தேவனஹள்ளி பக்கம் விமான நிலையத்துக்குப் போகிற வாயு வஜ்ரா பஸ். இதில் கண்ணாடித் தரை எங்கே இருக்கிறது? பஸ் ஸ்டாண்டின் ஜல்லியிலும் குழியிலும் நாலு சக்கரமும் நாலு திசைக்குத் திரும்பிக்கொண்டு, வீட்டுக்கு வரமாட்டேன் என்கிற கன்றுக்குட்டி மாதிரி முரண்டு பிடிக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஓடுகிற பஸ்ஸில் இது நிற்காது என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் நடுவில் மேலுமலை. போகும்போது ஏற்றம்: பெட்டி மெதுவாகப் பின்சீட்டை நோக்கிப் போகும். வரும்போது இறக்கம்: ஒருமுறை நான் கண் அயர்ந்துவிட்டேன். முன்னால் போன லாரிக்காக டிரைவர் பிரேக் அடித்தார். பெட்டி நடுவழியில் தனியாகப் புறப்பட்டு, ஏழு சீட்டைத் தாண்டி, டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரின் கணுக்காலில் போய் மோதியது.

"யாரு பொட்டிங்க இது? இதுக்கு லக்கேஜ் டிக்கெட் பத்தாது, ஆள் டிக்கெட்டே போடணும்" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. என் மனைவி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், என்னைத் தெரியாதவள் மாதிரி.

படுக்க வைத்தால் நிற்கும்தான். ஆனால் 75 செ.மீ. பெட்டியை நடுவழியில் படுக்க வைத்தால் யார் கடந்து போவது? கடைசியில் பழைய பெட்டியின் இழுக்கிற வாரைக் கழற்றி, அதால் புதுப் பெட்டியைச் சீட்டுக் காலோடு கட்டுகிறேன். மாடு கட்டுவது மாதிரிதான். இன்று வரைக்கும் அதே ஏற்பாடு.

பழைய பெட்டிமேல் உட்காரலாம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் பெஞ்சு கிடைக்காதபோது நானும் மனைவியும் மாறி மாறி அதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம். புதுசின் மேல் உட்கார ஒருமுறை முயன்றேன். விவரம் வேண்டாம்.

இரண்டு சக்கரப் பெட்டி இந்த விஷயத்தில் உத்தமம். 1987 வாக்கில் ராபர்ட் பிளாத் என்ற அமெரிக்க விமானி செய்தது அந்த வகை: இரண்டே சக்கரம், நீளும் கைப்பிடி, சாய்த்து இழுப்பது. சக்கரம் ஓட்டுக்குள் பாதி புதைந்திருக்கும், அளவிலும் பெரியதாக வைக்கலாம், நிமிர்த்தி வைத்தால் நின்ற இடத்தில் நிற்கும். சாய்த்து இழுக்கும்போது பாரத்தில் ஒரு பங்கு கைக்கு வரும் என்பது உண்மை. வரட்டுமே. கடைகளில் இப்போது அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

சரி, ரப்பர் ஏன் வெல்லமானது? நாலு வருஷத்தில் இந்தப் பெட்டி போய் வந்தது மொத்தம் ஒன்பது முறை. ஓடித் தேய்ந்ததில்லை. கம்பெனி உதவி எண்ணுக்குப் பேசினேன். ஐந்து வருஷ வாரண்டி இருக்கிறதே என்றதற்கு, "சக்கரம் தேய்மானத்துல வரும் சார், வாரண்டி வராது" என்றார்கள். தேயவே இல்லையம்மா, பரணில் படுத்திருந்தது என்றேன். மறுபடி அதே வாக்கியம், அதே குரலில்.

நேற்று சக்கரம் மாற்றித் தந்த பை தைக்கிறவர்தான் புரிய வைத்தார். "ஓட்டுனா கெடாதுங்க, வச்சிருந்தாத்தான் கெடும்" என்றார். ரப்பர் என்கிறோமே, இந்தச் சக்கரங்களில் பல உண்மையில் பாலியூரித்தேன் என்கிற ஒரு வகைப் பிளாஸ்டிக். காற்றில் இருக்கும் ஈரத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தானே சிதையும். வெப்பம் அதற்கு இன்னும் வேகம் கொடுக்கும். நாலைந்து வருஷம் போடாமல் வைத்த ஷூவின் அடி ஒருநாள் தூள் தூளாக உதிர்வதும் இதனால்தான். எங்கள் பரண் மொட்டை மாடிக்கு நேர் கீழே. சித்திரை வெயிலில் அங்கே அப்பளம் பொரிக்கலாம். நான் பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்துச் சக்கரத்தை அவியப் போட்டிருக்கிறேன்.

அவர் பெட்டியைத் திறந்ததும் முதலில் உள்துணியைத்தான் தடவிப் பார்த்தார். "உள்ளே அடியில ஜிப் இருந்தா ஸ்க்ரூங்க, அஞ்சு நிமிஷ வேலை. ஜிப் இல்லைன்னா ரிவெட்டு, துளை போட்டுத்தான் எடுக்கணும்." என்னுடையது ரிவெட். துணியை ஓரத்தில் பிரித்து, ரிவெட்டைத் துளைத்தெடுத்து, பழைய சக்கரத்தின் அளவுக்குச் சரியாக ஒரு ஜோடி தேடிப் பிடித்து, போல்ட் நட் போட்டு முறுக்கி, துணியை மறுபடி தைத்துக் கொடுத்தார். ஒரு மணி நேரம். இந்த ஒரு ஜிப்பைக் கம்பெனி வைத்திருந்தால் நானே வீட்டில் மாற்றியிருப்பேன். இரண்டு கிலோ எண்ணூறு கிராம் குறைக்கத் தெரிந்தவர்களுக்கு நாலு ஸ்க்ரூ வைக்கத் தெரியவில்லை.

பூட்டைப் பற்றி இரண்டு வரி. பக்கத்தில் மூன்று எண் பூட்டும் ஒரு சாவித் துவாரமும் இருக்கும். சாவி எங்கே என்று கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். அது அமெரிக்க விமான நிலையச் சோதனைக்காரர்கள் தங்கள் சாவியால் திறப்பதற்கான துவாரம், நமக்குச் சாவி தரமாட்டார்கள். அந்தப் பூட்டைப் பெரிதாக நம்பவும் வேண்டாம். சுருள் பல் ஜிப்பை ஒரு பால்பாயிண்ட் பேனாவால் குத்திப் பிரித்துவிடலாம், பூட்டிய ரன்னரை இப்படியும் அப்படியும் ஒருமுறை நகர்த்தினால் பழையபடி மூடிக்கொள்ளும். என் மனைவி நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டுவதை முன்பு கேலி செய்வேன். இப்போது முடிச்சு போட விரல் கொடுக்கிறேன்.

ஆக, ஓட்டுக்கு முழு மதிப்பெண். எடைக்கு முழு மதிப்பெண், பலன் வேறொருவருக்குப் போனாலும். ஜிப் நாலு வருஷத்தில் ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை. கைப்பிடி லேசாக ஆடுகிறது, போகட்டும். இதையெல்லாம் கூட்டினால் ஐந்துக்கு நாலு கொடுக்க வேண்டும். நான் கொடுப்பது இரண்டு. அடுத்த மாதம் கேட்டால் மூன்று கொடுப்பேனோ என்னவோ, இன்றைக்கு இரண்டுதான்.

அண்ணன் மகளுக்கு: விமானத்தில் உனக்கு 23 கிலோ அனுமதி என்றால் இந்த எடையில் பெட்டி இருப்பது நல்லதுதான். நிறம் உன் இஷ்டம். இரண்டு சக்கரத்தில் கிடைக்கிறதா என்று முதலில் கேள். நாலு சக்கரம்தான் பிடித்திருக்கிறது என்றால், ஆன்லைனில் ஆர்டர் போடாதே. கடைக்குப் போகிற அன்றைக்கு ஒரு போன் போடு, நானும் வருகிறேன். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, உள்துணிக்கு அடியில் அந்த ஜிப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கிறோம்.