எசேக்கியாவா, மனாசேயா? அசீரியாவுக்குக் கட்டிய கப்பத்தின் கணக்கு

எங்கள் ஆலயத்தில் நடந்த பட்டிமன்றம் ஒன்றில் அணியை முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அசீரியப் பேரரசிடமிருந்து யூதா நாட்டைச் சிறப்பாகக் காத்தவர் எசேக்கியாவா, அவர் மகன் மனாசேயா என்பது தலைப்பு. எசேக்கியா நல்ல ராஜா, மனாசே கெட்ட ராஜா என்று ஞாயிறு பள்ளியில் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆனாலும் மனாசேயைத்தான் கேட்டு வாங்கினேன். நான் வாய் தவறிச் சொல்லிவிட்டதாக நினைத்து எதிரணித் தலைவர் மறுபடியும் கேட்டார்.

போட்டியில் சேராத மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு: வடக்கே இஸ்ரவேல் ராஜ்யத்தை அதன் தலைநகர் சமாரியாவிலிருந்து ஆண்ட கடைசி ராஜா ஓசெயா. அவரது முடிவு ஊரறிந்தது. அசீரியாவுக்குக் கட்டிவந்த கப்பத்தை நிறுத்திவிட்டு எகிப்தை நம்பினார். அசீரிய ராஜா ஐந்தாம் சல்மனாசார் முற்றுகையிட்டார், மூன்றாம் ஆண்டில் நகரம் விழுந்தது, கி.மு. 722 வாக்கில் இஸ்ரவேல் ராஜ்யம் முடிந்தது. அடுத்து வந்த இரண்டாம் சர்கோன், 27,000 பேருக்கு மேல் சிறைபிடித்துக் கொண்டுபோனதாகத் தன் கல்வெட்டில் எழுதிவைத்தார்.

எதிரணி இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்டது. சமாரியாவும் கப்பம் கட்டித்தானே பார்த்தது? உண்மைதான். ஓசெயாவுக்கு முன் அங்கே ஆண்ட யெகூ கட்டினார், அவருடைய கப்பத்தைக் காட்டும் சிற்பம் அசீரியாவின் கருங்கல் தூணில் இன்றும் இருக்கிறது. பின்னால் வந்த மெனாகேம் 1,000 தாலந்து வெள்ளி கொடுத்தார் (தாலந்து, சேக்கல், மினா எல்லாம் அக்கால எடை அளவுகள்). அதற்காக வசதியுள்ளவர்களிடம் தலைக்கு 50 சேக்கல் வசூலித்தார் என்கிறது வேதாகமம். தாலந்துக்கு 3,000 சேக்கல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் 60,000 பேர் கட்டியிருக்க வேண்டும். மெனாகேமின் மகன் பெக்காகியா இரண்டே ஆண்டில் கொலையானார். கொன்ற பெக்கா அசீரியாவுக்கு எதிரான அணியில் சேர்ந்தார். இஸ்ரவேலின் கலிலேயாவும் கீலேயாத்தும் அசீரியாவிடம் பறிபோயின. அந்தப் பெக்காவைக் கொன்றுவிட்டுத்தான் ஓசெயா அரியணை ஏறினார். ஆக, சமாரியா ஒரு ராஜா கட்டுவதும் அடுத்தவர் நிறுத்துவதுமாகவே இருந்தது. தவணையைப் பாதியில் விட்டவனுக்குக் கட்டிய பணமும் போகும், பொருளும் போகும்.

இனி எசேக்கியா. கி.மு. 705இல் சர்கோன் போர்க்களத்தில் மடிந்ததும் பேரரசு முழுக்கக் கலகம் வெடித்தது. எசேக்கியாவும் கப்பத்தை நிறுத்தினார். எருசலேமின் தண்ணீருக்காகப் பாறைக்குள் 533 மீட்டர் சுரங்கம் வெட்டினார். இரண்டு பக்கமிருந்தும் வெட்டி வந்தவர்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுச் சந்தித்ததைச் சொல்லும் எழுத்து அதன் சுவரிலேயே கிடைத்தது. அந்தப் பெருமையை நான் குறைக்கப்போவதில்லை. கி.மு. 701இல் சர்கோனின் மகன் சனகெரிப் படையெடுத்து வந்தார். எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப் போல எருசலேமுக்குள் அடைத்ததாக அவர் தன் கல்வெட்டில் சொல்லிக்கொண்டார், நகரத்தைப் பிடித்ததாகச் சொல்லவில்லை. ஒரே இரவில் 1,85,000 பேர் செத்து விழுந்ததாக வேதாகமம் சொல்கிறது. விசுவாசத்துக்குரிய அந்தச் செய்தியை நான் இந்தக் கணக்கில் வைக்கவில்லை.

நகரம் தப்பியது, ஆனால் நாடு?

இங்கேதான் லாகீசைப் பார்க்கவேண்டும். யூதாவின் இரண்டாவது பெரிய நகரம் அது. தன் நினிவே அரண்மனையில் ஓர் அறைச் சுவர் முழுக்க லாகீசின் வீழ்ச்சியைச் செதுக்க வைத்தார் சனகெரிப். அந்தச் சிற்பங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. நான் நேரில் பார்த்ததில்லை. படங்களில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். சரிவுப் பாதையில் மதில் உடைக்கும் வண்டிகள் ஏறுகின்றன. மேலிருந்து தீப்பந்தங்கள் விழுகின்றன. வண்டி எரியாமலிருக்க ஒருவன் அதன்மேல் தண்ணீர் ஊற்றுகிறான். இன்னொரு பக்கத்தில் ஒரு குடும்பம் ஊரைவிட்டு வெளியேறுகிறது. மாட்டு வண்டியில் மூட்டைகள், மூட்டைகளின்மேல் பெண்களும் பிள்ளைகளும். மாடுகளின் விலா எலும்பைக்கூடச் சிற்பி விடாமல் செதுக்கியிருக்கிறான். இதைக் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது. கல்லைக் கொட்டி எழுப்பிய அந்த முற்றுகைச் சரிவு லாகீஸ் மேட்டில் இன்றும் கிடக்கிறது. தோண்டியபோது நூற்றுக்கணக்கில் அம்பு முனைகளும் கவண் கற்களும் கிடைத்தன.

பட்டிமன்றத்தில் நான் விடாப்பிடியாகப் பேசியது இந்த ஒன்றைத்தான்: பராமரிப்புச் செலவு. பேரரசுக்கு அருகில் வாழ்வதற்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கட்டியாகவேண்டும். எசேக்கியா அதை நிறுத்தி மிச்சம்பிடிக்கப் பார்த்தார். விளைவு, மதில் சூழ்ந்த 46 ஊர்களைப் பிடித்ததாகச் சனகெரிப் பட்டியல் போட்டார். 2,00,150 பேரைக் கைப்பற்றியதாகவும் சொல்கிறார்; அந்த எண் மிகையாக இருக்கலாம். பிடித்த நிலத்தை அஸ்தோத், எக்ரோன், காசா ராஜாக்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார். அவை யூதாவின் மேற்குத் தாழ்நிலத்து ஊர்கள்; நல்ல தானியம் விளையும் மண். அங்கே பல ஊர்கள் அடுத்த நூற்றாண்டில் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பதை அகழாய்வு காட்டுகிறது. இவ்வளவுக்கும் பிறகு எசேக்கியா கப்பமும் கட்டினார்: 30 தாலந்து பொன். வெள்ளி வேதாகமக் கணக்கில் 300 தாலந்து, அசீரியக் கணக்கில் 800. ஆலயக் கதவுகளில் இருந்த பொன்தகட்டைக்கூடப் பெயர்த்துக் கொடுத்தார்.

மனாசே என்ன கட்டினார்? அசீரியாவில் கிடைத்த சின்னக் களிமண் சீட்டு ஒன்று அண்டை நாடுகளின் கப்பத்தைக் குறிக்கிறது: அம்மோன் 2 மினா பொன், மோவாப் 1 மினா பொன், யூதா 10 மினா வெள்ளி. ஒரு தாலந்துக்கு 60 மினா. எசேக்கியா கட்டியதை வேதாகமக் கணக்கிலேயே குறைத்து எடுத்தாலும் 18,000 மினா வெள்ளி. அந்தச் சீட்டுத் தொகையைப்போல 1,800 மடங்கு. எதிரணி இதைப் பிடித்துக்கொண்டது, நியாயம்தான். சீட்டில் ராஜாவின் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. ஒரு ஆண்டின் முழுக் கப்பம் அதுதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மனாசேயின் காலத்தையொட்டியது என்ற அளவுக்குத்தான் பேசலாம். அதற்கு மேல் உடலுழைப்பும் இருந்தது: சனகெரிப்பின் மகன் எசரத்தோன் நினிவேயில் அரண்மனை கட்டியபோது மரமும் கல்லும் சுமந்து அனுப்பிய 22 ராஜாக்களில் மனாசேயும் ஒருவர். அவருக்குப் பின் வந்த அசூர்பனிபால் எகிப்தின்மேல் படையெடுத்துப் போனபோது யூதாவின் படையும் கூடப் போனது.

அவமானம்தான். ஆனால் 55 ஆண்டுகள் ஆண்டவர் அவர். அந்தக் காலத்தில் இன்னொரு லாகீஸ் நிகழவில்லை. தெற்கே பெயெர்செபா பள்ளத்தாக்கில் புதிய குடியிருப்புகள் பெருகின. எல்லைக்கு அப்பால் எக்ரோனில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒலிவச் செக்குகள் ஓடின. அவற்றில் ஆட்டப்பட்ட காய்களில் ஒரு பகுதி யூதாவின் மலைச் சரிவுகளில் விளைந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

என் அணிக்குப் பலவீனம் இல்லாமலில்லை. மனாசேயை விலங்கிட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோனதாக வேதாகமத்தின் நாளாகமம் சொல்கிறது. அப்படியானால் பணிவுக்கும் முழு உத்தரவாதம் இருக்கவில்லை. அவர் சிந்திய குற்றமற்ற இரத்தத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. சமாரியாவிலிருந்து ஓடிவந்த அகதிகளால் வீங்கிப்போன எருசலேமைச் சுற்றி, 7 மீட்டர் தடிமனில் மதில் எழுப்பியவர் எசேக்கியாதான். அந்த மதில் இல்லையென்றால் கி.மு. 701இலேயே தலைநகரமும் போயிருக்கலாம். மனாசே ஆள்வதற்கு நாடே இருந்திருக்காது. எதிரணியின் வலுவான வாதம் இதுதான், எனக்கு அதற்குச் சரியான பதில் கிடைக்கவில்லை.

நடுவராக இருந்த மூத்த ஆயர் எசேக்கியாவுக்கே தீர்ப்புச் சொன்னார். இறங்கி வரும்போது என்னிடம் குனிந்து, "தம்பி, உங்கள் பிள்ளைக்கு மனாசே என்று பெயர் வைப்பீர்களா?" என்றார். "யோசேப்பின் மூத்த மகன் பெயரும் அதுதானே ஐயா, அவரை நினைத்து வைத்துவிடலாம்" என்றேன். சிரித்தார். மதிப்பெண்ணை மட்டும் மாற்றவில்லை.