பத்தாண்டு மைக்ரோஅரே: சில்லை நம்புகிறேன், தேதியை நம்புவதில்லை

எங்கள் ஆய்வகம் கல்லீரல் திசுக்களில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்ப்பதற்கு மைக்ரோஅரே சில்லுகளை (ஆயிரக்கணக்கான மரபணுக்களின் துண்டுகள் பதித்த சிறு தகடுகள்) பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்துகிறது. புதிதாகச் சேரும் மாணவர்கள் எல்லோரும் "இதை நம்பலாமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நம்பலாம்.

முதல் வாரத்திலேயே ஒரே ஆர்.என்.ஏ.வை (வேலை செய்யும் மரபணுவிலிருந்து உருவாகும் நகல்) இரண்டு சில்லுகளில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டையும் ஒப்பிட்ட வரைபடத்தில் மரபணுவுக்கு ஒன்றாக வைத்த புள்ளிகள் நூல் பிடித்தாற்போல் நேர்கோட்டில் விழுந்தன. இடது கீழ் மூலையில் மட்டும் துடைப்பத்தின் முனைபோல விரிந்தன. குறைவாக வெளிப்படும் மரபணுக்கள் அங்கேதான் இருக்கின்றன. அந்த மூலையிலிருந்து வரும் எந்த முடிவையும் கியூ.பி.சி.ஆரில் (ஒரு மரபணுவின் வெளிப்பாட்டைத் தனியாக அளக்கும் சோதனை) சரிபார்க்காமல் நான் எழுதுவதில்லை. மடங்கு வேறுபாட்டையும் சில்லு சற்று அடக்கியே காட்டும். கூடியதா குறைந்ததா என்பதைச் சரியாகச் சொல்லும். எத்தனை மடங்கு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் தலைமையில் நடந்து 2006இல் வெளியான மாக்யூசி ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டியது. ஒரே ஆர்.என்.ஏ. மாதிரிகளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, வெவ்வேறு வகைச் சில்லுகளில் ஓட்டினார்கள். மடங்கு வேறுபாட்டை வைத்து வரிசைப்படுத்தியபோது மரபணுப் பட்டியல்கள் நன்றாகவே ஒத்துப்போயின.

எங்களைக் கவிழ்த்தது சில்லு அல்ல, நாள்காட்டி. ஒரு முறை நோயாளிகளின் மாதிரிகளை மார்ச் மாதத்திலும் ஆரோக்கியமானவர்களின் மாதிரிகளை ஜூன் மாதத்திலும் ஓட்டினோம். மாதிரிக்கு ஒரு புள்ளியாக வைத்த வரைபடத்தில் இரு குழுக்களும் அவ்வளவு தெளிவாகப் பிரிந்தன, மகிழ்ந்துபோனோம். பிறகு புள்ளிகளுக்கு ஓட்டிய தேதியின்படி நிறம் கொடுத்தபோது அதே பிரிவு, அதே எல்லை. நோயும் தேதியும் இப்படி ஒன்றோடொன்று பின்னிவிட்டால் எந்தப் புள்ளியியல் திருத்தமும் அவற்றைப் பிரித்துத் தராது. அந்தத் தரவு முழுவதையும் கைவிட்டோம். திசு கொடுத்தவர்களை நினைக்கும்போது இன்றும் மனம் வலிக்கிறது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தரவு கைக்கு வந்தவுடன் எக்ஸ்.ஐ.எஸ்.டி., ஆர்.பி.எஸ்.4ஒய்1 என்ற இரண்டு மரபணுக்களைப் பார்ப்பேன். முதலாவது பெண் திசுக்களில் உரக்க ஒலிக்கும். இரண்டாவது ஒய் குரோமோசோமில் இருப்பதால் ஆண் திசுக்களில் மட்டும் வரும். "ஆண், 54 வயது" என்று ஒட்டியிருந்த ஒரு குழாயில் முதலாவது உச்சத்தில் நின்றது, இரண்டாவது இல்லவே இல்லை. உறைபெட்டியைத் திறந்து பார்த்தோம். பக்கத்துக் குழாயோடு சீட்டு மாறியிருந்தது.

இரண்டு மாதிரிகளுக்கு இரண்டு நிறச் சாயம் கொடுத்து ஒரே சில்லில் ஒப்பிடுவோர் காற்றிலுள்ள ஓசோனையும் கவனிக்க வேண்டும். சை5 சாயம் அதில் வெளுத்துவிடும், சை3 பெரும்பாலும் தாங்கும், விகிதமே சாய்ந்துவிடும்.

சில்லில் பதித்திருக்கும் மரபணுக்களை மட்டுமே சில்லு பார்க்கும். புதிய ஆர்.என்.ஏ. வடிவங்களைத் தேடுபவர்கள் ஆர்.என்.ஏ. வரிசையாக்கத்துக்குத்தான் (ஆர்.என்.ஏ.வின் எழுத்து வரிசையையே படிக்கும் முறை) போக வேண்டும். எங்களிடம் பழைய மாதிரிகளின் நீண்ட தொடர் இருப்பதால் அதே சில்லில் தொடர்கிறோம். பொது ஆர்.என்.ஏ. ஒன்றைச் சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்திருக்கிறோம். தேதியால் வரும் வேறுபாட்டைக் கண்டுகொள்ள, ஒவ்வொரு தொகுதியோடும் அதில் ஒன்று ஓடுகிறது. பெட்டியில் இன்னும் 11 குழாய்கள் மீதமிருக்கின்றன.